பீட்டர் கிராண்ட் லண்டனை விட்டுப் போன கோடை

பென் ஆரோனோவிச்சின் ‘ரிவர்ஸ் ஆஃப் லண்டன்’ வரிசையை வாசிக்கிறவர்களிடம் எது பிடிக்கும் என்று கேட்டால், ஐந்தாவது புத்தகத்தைச் சொல்கிறவர்கள் குறைவு. முதலாவதைச் சொல்வார்கள். நாலாவதின் கடைசிப் பக்கங்களைச் சொல்வார்கள். ‘ஃபாக்ஸ்குளோவ் சம்மர்’ என்ற ஐந்தாவதை, கதை ஓடாமல் நின்ற இடம் என்று சொல்லிக் கடந்துபோவார்கள். 2014 நவம்பரில் அது வந்தது. அன்று தொடங்கி இன்றுவரை அதைத் திரும்பத் திரும்ப எடுத்து வாசிக்கிறேன். இந்த வரிசையில் வேறு எதையும் நான் அப்படி வாசித்ததில்லை.

நாங்கள் இருந்தது லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், மோட்ஸ்பர் பார்க்கில். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பெரிய எரிவாயுத் தாங்கிகள் நிற்கும். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு ஓடை போகும். வூஸ்டர் பார்க்கில் தொடங்கி, நியூ மோல்டனையும் விம்பிள்டன் பொதுவெளியையும் ரிச்மண்ட் பார்க்கையும் தாண்டி, பட்னிக்குப் பக்கத்தில் தேம்ஸில் விழுகிற ஓடை அது. முழு நீளமும் 14 கிலோமீட்டர் அளவுதான். பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைத் தாண்டித்தான் போவோம். அதன் பெயர் பெவர்லி புரூக் என்பது எனக்கு எப்போதும் தெரியும். அதற்கு ஒரு முகம் இருக்கும் என்று மட்டும் நினைத்ததில்லை.

2011இல் வந்த முதல் புத்தகத்தை என் கையில் தந்தவன் என் நண்பன். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை அவனுக்கு. “டேய், எங்கட ஓடை இதில வருதடா” என்றுதான் தந்தான். அப்படித்தான் வந்தது. கதையில் பெவர்லி புரூக் ஒரு இளம்பெண். கறுப்பினப் பெண், அழகி, வாய்த்துடுக்குக்காரி. தென்மேற்கு லண்டனின் அந்தச் சின்ன ஓடைக்குத் தெய்வம். அவளுடைய தாய் மாமா தேம்ஸ், 1950களில் நைஜீரியாவிலிருந்து தாதிப் படிப்புக்கு வந்து, மனம் உடைந்து லண்டன் பாலத்திலிருந்து குதித்து, ஆற்றின் தெய்வமானவள். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த தேம்ஸ் தந்தை, 1858இல் நகரத்துக் கழிவெல்லாம் ஆற்றில் தேங்கிப் பெருநாற்றம் எடுத்த கோடையில் லண்டனைக் கைவிட்டு மேல்நோக்கிப் போய்விட்டார். அந்த நாற்றம் வரலாற்றில் உள்ளதுதான். அதற்குப் பிறகுதான் நகரத்துக்குப் புதிய கழிவுநீர்ச் சுரங்கங்கள் கட்டப்பட்டன. காலியான அந்த இடத்துக்குக் கடல் கடந்து வந்த ஒருத்தியைக் கொண்டுவந்து ஆரோனோவிச் உட்கார வைத்தார்.

அம்மாவின் ஊரான யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றுகிற வழுக்கையாறு ஒன்றுதான். அம்மா கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர். நான் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. “ஆறு எண்டால் தெய்வம்தானே. இவங்களுக்கு இப்பதான் தெரியுமோ?” என்றார்.

நகரத்தில் நடக்கிற மாயக்கதைகளை அர்பன் ஃபேன்டசி என்று கடைகளில் தனி அலுமாரியில் அடுக்குகிறார்கள். அதில் பாதிக்கு மேல் எனக்கு ஒட்டவில்லை. தோல் கோட்டுப் போட்ட வீரர்களும் இரத்தக் காட்டேரிகளும் எனக்கு யாரோ. பீட்டர் கிராண்ட் அப்படி இல்லை. லண்டன் மாநகரப் பொலிஸில் சாதாரணக் கான்ஸ்டபிள். கோவன்ட் கார்டனில் கொலை நடந்த இடத்தைக் குளிரில் காவல் காக்கிறபோது ஒரு ஆவி வந்து சாட்சி சொல்ல, குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதன் வாக்குமூலத்தை எழுதிக்கொள்கிறவன். தாய் சியரா லியோனிலிருந்து வந்தவர், அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவர். தகப்பன் ஜாஸ் இசைக்காரர், போதைப் பழக்கத்தால் வாழ்க்கையைத் தொலைத்தவர். வீடு கென்டிஷ் டவுனில் ஒரு கவுன்சில் குடியிருப்பு.

அம்மாவும் அதே வேலைதான் செய்தார். விடிய முதல் ரயிலில் வாட்டர்லூவுக்குப் போய், அங்கிருந்து 68ஆம் இலக்க பஸ்ஸில் ரஸல் ஸ்கொயர் பக்கம் இறங்கி, மற்றவர்கள் வேலைக்கு வருமுன் ஒரு கட்டடத்தின் மூன்று மாடிகளைக் கூட்டித் துடைத்துவிட்டு வருவார். பீட்டருக்கு மந்திரம் படிப்பிக்கிற நைட்டிங்கேலின் மாளிகை, ஃபாலி, கதையில் அதே ரஸல் ஸ்கொயரில்தான் இருக்கிறது. அம்மா வேலை செய்த தெருவில் ஒரு மந்திரவாதி இருக்கிறார், அவரிடம் படிக்கிற பெடியனின் தாயும் அம்மாவைப் போல வாளியும் துடைப்பமும் தூக்குகிறவர். இதை வாசித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வேறு எந்தப் புத்தகமும் தந்ததில்லை. எழுதியவரும் அந்தக் காலத்தில் கோவன்ட் கார்டனில் ஒரு புத்தகக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர். 1988இலேயே ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடருக்குக் கதை எழுதியும், பின்னாளில் கடைச் சம்பளத்தில் வாழ்ந்த மனிதர். வேலை என்றால் என்ன என்று தெரிந்த எழுத்து அது.

இரண்டாவதும் மூன்றாவதும் நல்ல புத்தகங்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாலாவது, 2013இல் வந்த ‘புரோக்கன் ஹோம்ஸ்’, எலிஃபன்ட் அண்ட் காசில் பகுதியில் ஒரு உயர்மாடிக் குடியிருப்பில் நடக்கிறது. அங்கே உண்மையில் நின்ற ஹெய்கேட் குடியிருப்பு அப்போது இடிபட்டுக்கொண்டிருந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கதையின் முடிச்சை அவிழ்க்காமல் நகராது. ஆகவே வாசிக்காதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். பீட்டரோடு பொலிஸ் பயிற்சிக்கு வந்தவள், அவனைவிடத் திறமைக்காரி, முதல் புத்தகத்தின் முடிவில் முகம் சிதைந்து அன்றிலிருந்து முகமூடியோடு வாழ்கிறவள், அவனுடைய உயிர்ச் சிநேகிதி லெஸ்லி மே. கடைசியில் பின்னால் நின்று டேசரால் அவனைச் சுட்டு விழுத்திவிட்டு எதிரியின் பக்கம் போய்விடுகிறாள். புத்தகம் அதோடு முடிந்துவிடுகிறது.

அந்தப் பக்கத்தை வாசித்த இரவு நானும் நண்பனும் டெலிபோனில் விடியும்வரை கதைத்தோம். அவள் ஏன் போனாள், அவளுக்கு அந்த எதிரி முகத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருப்பான், இல்லை, அதற்கு முதலே அவள் மனம் மாறிவிட்டது என்று மாறி மாறிச் சொன்னோம். அடுத்த புத்தகம் வரட்டும், அதில் பீட்டர் அவளைத் துரத்துவான் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

அடுத்த புத்தகம் வருமுன் நண்பன் போய்விட்டான். அவனுடைய தாய் ஊர்ப் பெண்களைச் சேர்த்துச் சீட்டுப் பிடித்தவர். இருபது பேர், ஆளுக்கு மாதம் இருநூறு பவுண்ஸ். தேவைப்பட்டவர்கள் கழிவு கேட்டு எடுப்பார்கள். எழுத்து ஒன்றும் இல்லை. ஒரு கொப்பிதான் கணக்கு. சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் அம்மாவைப் போலத் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள். தாய்க்குக் கண் மங்கியபின் கொப்பியை மகன் பார்த்தான். 2014 கோடையில், மூன்று பேர் எடுக்கவேண்டிய காசு எடுபடவில்லை என்று தெரிந்த கிழமை, அவன் வீட்டில் இல்லை. அம்மாவின் காசும் அதில் போயிற்று. அவர் அதைச் சேர்த்தது ஊரில் இருந்த தன் தமக்கைக்கு வீடு திருத்திக் கொடுக்க.

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவனோடு திரிந்தவன் நான். எனக்கு ஏதும் தெரிந்திருக்கும் என்று நினைத்தவர்களும் உண்டு. கோயிலில் கண்டால் கேட்பார்கள். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். அம்மா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அவனுடைய தாயைப் பார்க்கப் போய்வந்தார். “அந்த மனிசி என்ன செய்வாள்? அவளுக்கு ஆர் இருக்கினம்?” என்பார்.

அந்த நவம்பரில் ஐந்தாவது புத்தகத்தை நான் தனியே போய் வாங்கினேன்.

லெஸ்லியைத் துரத்துவான் என்று நினைத்த பீட்டர், முதல் பக்கங்களிலேயே லண்டனை விட்டு வெளிக்கிடுகிறான். ஹெரிஃபர்ட்ஷயரில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ரஷ்பூல் என்ற கிராமத்தில் பதினொரு வயதுச் சிறுமிகள் இரண்டு பேரைக் காணவில்லை. அந்தப் பக்கத்தில் ஹியூ ஆஸ்வால்ட் என்ற கிழட்டு மந்திரவாதி தேனீ வளர்த்துக்கொண்டு இருக்கிறார். அவருக்கு இதில் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா என்று நைட்டிங்கேல் அனுப்புகிறார். தொடர்பு இல்லை என்று உடனேயே தெரிந்துவிடுகிறது. பீட்டர் திரும்பி வந்திருக்கலாம். ஆனால் உதவி செய்கிறேன் என்று அங்கேயே நின்றுவிடுகிறான்.

அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கனநேரம் இருந்தேன். அவன் ஏன் நின்றான் என்று எழுதியவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. லண்டனில் அவன் எந்தத் தெருவில் நடந்தாலும் அவளோடு நடந்த தெரு. இங்கே வயல், வேலி, செம்மறி, வெக்கை. முன்பின் தெரியாத பொலிஸ்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது இன்னொரு சோடிக் கால்கள். வெஸ்ட் மெர்சியா பொலிஸோடு சேர்ந்து அவன் செய்கிற வேலை முழுவதும் அலுப்பான வேலை: வீடு வீடாகக் கேட்பது, ஏற்கனவே தேடிய இடத்தைத் திரும்பத் தேடுவது, பெற்றோரோடு இருப்பது. இடையிடையே லெஸ்லியிடமிருந்து அவனுடைய போனுக்குக் குறுஞ்செய்திகள் வரும். அவற்றை மேலிடமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு சிநேகிதியின் செய்தி, அதே நேரம் ஒரு வழக்கின் தடயம். அவனால் அதை எந்தக் கண்ணால் வாசிக்க முடியும்? ஆரோனோவிச் இதைப் பெரிதாக எழுதவில்லை. இரண்டு வரி, பிறகு வேலை. துயரத்தை எழுதுகிறவர்கள் பலர் அதை அழகாக எழுதப் பார்ப்பார்கள். இவர் அதை வேலைக்கு நடுவில் விட்டுவிட்டார். உண்மையில் துயரம் அப்படித்தான் வரும், பஸ்ஸுக்கு நிற்கும்போது, தேத்தண்ணி ஊற்றும்போது.

நான் பாதிப் புத்தகத்தில் இருந்த காலத்தில் என் போனுக்கும் ஒரு செய்தி வந்தது. இலக்கம் தெரியாதது. ‘புதுசு வாசிச்சியா? எப்பிடி இருக்கு?’ என்று மட்டும் இருந்தது. காசைப் பற்றி ஒன்றுமில்லை, தாயைப் பற்றி ஒன்றுமில்லை. நான் பதில் எழுதவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை.

புத்தகத்தில் தேடுதல் நடக்கும் பக்கங்கள் எனக்கு வேறு விதத்தில் வலித்தன. இரண்டு பிள்ளைகளுக்காக ஒரு மாவட்டத்துப் பொலிஸே இறங்கித் தேடுகிறது. தாய்மாரின் பக்கத்தில் இருக்கவென்றே பயிற்சி பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். பத்திரிகைக்காரர் வாசலில் நிற்கிறார்கள். என் பெரியம்மாவின் மகன் 2009இல் வன்னியில் காணாமல் போனவன். அவனை யாரும் தேடவில்லை. தேடச் சொல்லிக் கேட்ட பெரியம்மாவைத்தான் விசாரித்தார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரத்தில் தொடர் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது அவரும் படத்தோடு போய் உட்கார்ந்தார். அவருடைய வீட்டைத் திருத்தத்தான் அம்மா சீட்டுக் கட்டியது. ஒரு பிள்ளை காணாமல் போனால் ஒரு நாடு எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதை, யூனிகோர்ன் வருகிற ஒரு மாயக்கதையில்தான் நான் விபரமாக வாசித்தேன். ஆரோனோவிச் இந்த நடைமுறைகளை இவ்வளவு கவனமாக எழுதுவதை அலுப்பு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. அந்தக் கவனம் மரியாதையிலிருந்து வருகிறது.

யூனிகோர்ன் என்று சொன்னேன். படப் புத்தகத்து வெள்ளைக் குதிரை இல்லை அது. கண்ணுக்குத் தெரியாமல் காட்டுக்குள் நிற்கிற, ஆளைக் குத்திக் கொல்லக்கூடிய மிருகம். இந்த வரிசையின் வழமையான வில்லன், முகமற்ற மனிதன், இங்கே வருவதில்லை. உலகத்துக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. பழைய நம்பிக்கைகளில் உள்ள தேவதைக் குலம் ஒன்று, காட்டுக்கு அப்பால், பழைய ரோமன் வீதி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. அவர்களுக்கும் மனிதர்களுக்கும் இடையில் பிள்ளைகள் மாறிப்போயிருக்கின்றன. அவ்வளவுதான் கதை. சிறுமிகள் இரண்டு பேரும் உயிரோடு கிடைக்கிறார்கள், புத்தகம் முடிய இன்னும் கனபக்கம் இருக்கும்போதே. வேறு எந்தப் புத்தகமும் அந்த இடத்தில் முடிந்திருக்கும். இது அங்கேதான் கேட்கத் தொடங்குகிறது: வீட்டுக்கு வந்தது யார்?

இந்தச் சின்ன அளவுதான் எனக்கு இந்தப் புத்தகத்தின் பலம். ஒரு வரிசை நீள நீள, எழுதுகிறவர்களுக்கு ஆபத்தைப் பெருக்கிக்கொண்டே போகவேண்டும் என்ற நெருக்கடி வருகிறது. ஜிம் புட்சர் எழுதும் சிகாகோ மந்திரவாதி ஹாரி டிரெஸ்டனின் கதைகள் ஒரு துப்பறிவாளனின் சின்ன அலுவல்களோடு 2000இல் தொடங்கின. 2020இல் வந்த ‘பேட்டில் கிரவுண்ட்’ முழுப் புத்தகமும் ஒரே இரவுப் போர். சிகாகோவின் மேல் ஒரு பூதகணத்துப் படையே இறங்குகிறது. அதில் ஒரு மரணம் இருக்கிறது. பல வருடம் கூட வந்த பாத்திரத்தின் மரணம். அதற்கு அழக்கூட வாசகருக்கு நேரம் தரப்படவில்லை, அடுத்த அரக்கன் வந்துவிடுகிறான். நான் புட்சரை விரும்பி வாசிக்கிறவன். ஆனாலும் அந்தப் புத்தகத்தை மூடியபோது எனக்கு ஆரோனோவிச் செய்தது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று விளங்கியது. நாலாவதின் அடிக்குப் பிறகு, வாசகர் எல்லாரும் பதிலடிக்குக் காத்திருந்தபோது, அவர் கதையைக் கையில் பிடித்துக் கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

என் ஒன்றுவிட்ட அக்கா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். நான் கொடுத்து வாசித்தவர்தான். “இதில என்னடா நடக்குது? லெஸ்லியும் இல்லை, அந்த முகமில்லாதவனும் இல்லை. வயலுக்க நடந்து திரியிறான்.”

“அக்கா, அவன் நடந்து திரியிறதுதான் கதை.”

“எனக்கு விளங்கேல்லை” என்றார். ஆறாவது புத்தகம் 2016இல் வந்தபோது அதைத்தான் அவர் கொண்டாடினார்.

அக்காவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. முடிவு அவசரம். திரும்பி வந்த பிள்ளையை வைத்துக்கொள்வதற்காக பீட்டர் தன்னையே பதிலாக ஒப்படைத்துக்கொண்டு அந்த மற்ற உலகத்துக்குள் நடக்கிறான். அது இந்த வரிசையிலேயே அவன் செய்த ஆகப் பெரிய காரியம். அந்த உலகத்தை நாம் பார்க்கக் கிடைப்பது சொற்பப் பக்கங்கள்தான். பெவர்லி ஒரு பழைய நீராவி எஞ்சினை, இரும்பு எல்லாம் கடகடக்க, ஓட்டிக்கொண்டு வந்து அவனை மீட்கிறாள். இரும்பு அந்தக் குலத்துக்கு ஆகாது என்பது நாட்டார் நம்பிக்கை. காட்சி அருமையான காட்சி. ஆனால் அது முடிந்த சூட்டோடு புத்தகமும் முடிந்துவிடுகிறது. அந்தக் குடும்பங்களுக்கு என்ன நடந்தது, அந்தத் தாய் அடுத்த நாள் காலை எந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு வைத்தாள் என்று எனக்குத் தெரியவேண்டும். இன்னும் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கவேண்டும். இவ்வளவு பொறுமையாக வந்த எழுத்தாளர் கடைசியில் பொறுமை இழந்தது எனக்கு இன்றைக்கும் குறைதான்.

ஹியூ ஆஸ்வால்ட் வரும் பகுதிகளில் அந்தக் குறை இல்லை. 1945இல் ஜெர்மனியின் எட்டர்ஸ்பெர்க்கில் இங்கிலாந்து மந்திரவாதிகளில் பெரும்பாலானவர்கள் செத்துப்போனார்கள் என்பது இந்த வரிசையின் அடியில் கிடக்கிற கதை. எட்டர்ஸ்பெர்க் உண்மையான இடம். வைமார் நகருக்குப் பக்கத்து மலை. புக்கன்வால்ட் வதைமுகாம் இருந்தது அங்கேதான். முதல் நாலு புத்தகங்களிலும் நைட்டிங்கேல் அதைப் பற்றி வாய் திறப்பது அரிது. ஐந்தாவதில், போர் முடிந்தபின் மந்திரத்தையே கைவிட்டுத் தேனீக்களோடு ஒதுங்கிய கிழவர் ஒருவர், தன் பேத்தி பக்கத்தில் இருக்க, ஒரு இளைஞனிடம் அதைச் சொல்கிறார். போரிலிருந்து வந்தவர்கள் இருக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தொனி தெரியும். எங்கள் மாமா ஒருவர் அப்படித்தான் பேசுவார், பாதி வசனத்தில் நிறுத்தி, தேத்தண்ணி ஆறிவிட்டது என்பார்.

அடுத்த கோடையில் நான் ஹெரிஃபர்ட்ஷயருக்குப் போக வெளிக்கிட்டேன். அம்மாவும் வருகிறேன் என்றார். லண்டனுக்கு வெளியே அவர் போனதெல்லாம் கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும்தான். பாடிங்டனில் ஏறி ஹெரிஃபர்டில் மாறி லெம்ஸ்டருக்குப் போனோம். ரஷ்பூல் கற்பனைக் கிராமம். ஆனால் கதையில் வருகிற போக்ஹவுஸ் காடு உண்மையானது. எய்ம்ஸ்ட்ரி என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், லக் ஆற்றின் கரையோடு ஏறிப்போகிற சரிவு. அதற்கு மேலே குரோஃப்ட் ஆம்ப்ரி, இரும்புக்கால மலைக்கோட்டை. ஏறி நின்றால் மேற்கே வேல்ஸ் மலைகள் தெரியும்.

பாதையோரம் ஃபாக்ஸ்குளோவ் பூத்து நின்றது. ஆள் உயரத்துக்கு, ஊதாப் பூ அடுக்கடுக்காக. தொடவேண்டாம், நஞ்சு என்று அம்மாவிடம் சொன்னேன். அதே செடியை இருதய நோய்க்குக் கொடுக்கலாம் என்று 1785இல் எழுதி வெளியிட்டவர் வில்லியம் விதரிங் என்ற வைத்தியர். பக்கத்து ஷ்ரொப்ஷயரில் பிறந்தவர். அம்மா போடுகிற டிஜாக்சின் குளிசையின் மூலம் இந்த இனத்துச் செடிதான் என்றதும் அவர் நின்று அதை நன்றாகப் பார்த்தார்.

இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு நகரம்தான் எங்கள் இடம் என்று ஒரு எண்ணம் உண்டு. லண்டன், பர்மிங்ஹாம், லெஸ்டர். ரயில் வயல்களுக்குள் போகத் தொடங்கினால் ஏதோ மற்றவர் வளவுக்குள் நுழைந்ததுபோல உடம்பு ஒடுங்கும். பீட்டருக்கும் அது இருக்கிறது. கிராமத்தில் அவனைப் பார்க்கிற பார்வைகளை அவன் கவனிக்கிறான், சில வேளை திருப்பிக் கொடுக்கிறான், பிறகு வேலையைப் பார்க்கிறான். எங்களையும் ஒரு தோட்டக்காரர், பழம் பிடுங்குகிற வேலைக்கு வந்தீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மாவட்டத்தில் ஸ்ட்ராபெரிக்கும் அப்பிளுக்கும் வெளிநாட்டவர் வந்து வேலை செய்வது வழக்கம். இல்லை, காடு பார்க்க வந்தோம் என்றேன். அவர் வழி காட்டிவிட்டு, கீழே ஆற்றங்கரை சேறாக இருக்கும், அம்மாவைக் கவனமாகக் கூட்டிப்போ என்றார்.

கீழே இறங்கி லக் ஆற்றைப் பார்த்தபோது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்தார். கொஞ்சம் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு சுற்றிப் பார்த்து, “இந்த ஆத்துக்கு ஒரு கோயிலும் இல்லையோ?” என்று கேட்டார்.

கதையிலும் அதுதான் விஷயம். லக் ஆற்றுக்கு ஒரு காலத்தில் தெய்வம் இருந்தது, பிறகு இல்லாமல் போயிற்று. எங்கள் ஓடையின் பெவர்லி, லண்டனிலிருந்து பீட்டரைத் தேடி வந்தவள், அந்த வெறுமையைக் கண்டு சும்மா போகவில்லை. குடியேறி வந்த ஒரு தாயின் மகள், இங்கிலாந்தின் நடு நாட்டுப்புறத்தில், செத்துப்போன ஓர் ஆற்றுக்கு மீண்டும் உயிர் தரப் பார்க்கிறாள். அதைச் செய்ய அவளுக்கு உரிமை உண்டா என்ற கேள்வியே கதைக்குள் எழவில்லை. அவள் ஆறு, இது ஆறு. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் புத்தகத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். குடியேறியவர்கள் நன்றியோடு ஒதுங்கி நிற்கிற கதைகளும், கோபத்தோடு கதவைத் தட்டுகிற கதைகளும் நிறைய வந்துவிட்டன. நிலத்தைப் பராமரிக்கிறவர்களாக அவர்களை எழுதிய கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

நண்பன் பிறகு எனக்கு எழுதவில்லை. சீட்டுக் காசு திரும்பி வரவில்லை. அம்மா மேலதிகமாக இன்னொரு கட்டடத்தையும் எடுத்துக் கூட்டித் துடைத்து, இரண்டு வருடத்தில் பெரியம்மாவின் கூரையைப் போட்டுக் கொடுத்தார். லெஸ்லியின் கதை ஆறாவதிலும், 2018இல் வந்த ‘லைஸ் ஸ்லீப்பிங்’ என்ற ஏழாவதிலும் தொடர்ந்தது. ஏழாவதில் பீட்டர் அவளோடு பேசுகிற இடங்களை வாசித்தபோது, ஹெரிஃபர்ட்ஷயரில் அவன் நடந்து திரிந்த அந்தக் கோடை இல்லாவிட்டால் அவனால் அப்படிப் பேசியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அக்காவிடம் இதைச் சொன்னேன். யோசித்துப் பார்க்கிறேன் என்றார். இன்னும் யோசிக்கிறார்.

இந்த வரிசையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இப்போது எல்லாப் புத்தகங்களும் கடைகளில் கிடைக்கின்றன. எங்களைப் போல ஒவ்வொன்றுக்கும் வருடக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. அதனால் நாலாவதை முடித்த வேகத்தில், கதை என்ன ஆயிற்று என்று அறிய ஐந்தாவதைத் தாண்டி ஆறாவதை எடுக்கக் கை போகும். தயவுசெய்து எடுக்காதீர்கள். ஐந்தாவதை எடுங்கள், ஆறுதலாக வாசியுங்கள். லெஸ்லி எங்கே என்று கேட்டுக்கொண்டு வாசிக்காமல், பீட்டர் என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டு வாசியுங்கள்.